வலப்பக்கத் தோற்றம்

வகுப்பில் அவளுக்குப் பெயர் கிடையாது. வருகைப் பதிவில் ஒன்று இருந்தது. அதைப் பேராசிரியர் காலையில் ஒரு தடவை வாசிப்பார், அவள் கையைத் தூக்குவாள், அத்தோடு அந்தப் பெயரின் வேலை முடிந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் அக்கா. மொத்த வகுப்புக்கும் அக்கா. கேன்டீனில் காபி ஊற்றுகிறவர் அவளைவிட நன்றாகவே மூத்தவர். கேட்டுக் கேட்டு அவர் வாயிலும் அதுவே வந்துவிட்டது. சரி, நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு மட்டும் தனியாக என்ன உரிமை?

பகலில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை, மாலையில் டிப்ளமோ படிப்பு என்று வருஷங்களை ஓட்டியவள், இருபத்தெட்டு வயதில் மாற்றல் தேர்வு எழுதி, பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் வந்து உட்கார்ந்தாள். அவள் வருவதற்குள் மற்றவர்களுக்கு அங்கே ஒரு வருஷம் ஓடியிருந்தது. யார் யாரோடு சாப்பிடுவது, யார் நோட்டை யார் பார்த்து எழுதுவது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் முடிவாகிப்போன விஷயங்கள். ஓடுகிற பஸ்ஸில் ஏறியவள் மாதிரி அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. தொல்லையே அதுதான். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் எழுந்து, "உக்காருங்கக்கா" என்று ஒரு பெஞ்சு முழுவதையும் காலி செய்து கொடுத்தார்கள். அந்த முழு பெஞ்சில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்தாள். டா போட்டும் டி போட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம், அவள் பக்கத்தில் வந்தால் திருட்டு தம் அடித்தவன் அப்பாவைப் பார்த்த மாதிரி கப்சிப் ஆகிவிடும். "சொல்லுங்கக்கா, ஏதாவது வேணுமா?" என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று அவள் திரும்பிவிடுவாள். என்ன வேண்டும் என்று அவளுக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டே விட்டாள். "என்னை நீன்னே கூப்பிடுங்கப்பா. நானும் உங்ககூடத்தானே படிக்கிறேன்."

ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய பையன் ஒருத்தன், வாயை மூடத் தெரியாதவன், "அதுக்கென்ன, கூப்பிட்டாப் போச்சு" என்று மார் தட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீ... ங்க சாப்ட்டீங்களாக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பொறுத்துக்கொள்ள முடியாதது கல்லூரி விதியில் இருந்தது. மாற்றலாகி வந்தவர்கள் முதல் வருஷம் எடுத்த எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்று போனாலும் இடம் போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மற்றவர்களுக்கு ஒரு பாடம் போனால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு அடுத்த வருஷமே கிடையாது. ஆபீஸ் வேலையை விட்டாயிற்று, அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்தும் ஆயிற்று. அம்மா அப்பா போன பிறகு வீட்டில் அவளும் தங்கையும்தான். மருந்துக் கடையில் கால் கடுக்க நிற்கிற தங்கையின் சம்பளத்தில்தான் இந்தப் படிப்பே ஓடுகிறது. அதனால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். கணக்கெல்லாம் தேறியது. இயந்திர வடிவமைப்பு என்ற பாடம் ஒன்றுதான் குழுவாகச் செய்ய வேண்டியது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கைப்பம்பு செய்து, ஆண்டுக் கடைசியில் அது தண்ணீர் இறைக்கிறதா என்று பேராசிரியர் பார்ப்பார். இறைத்தால் தேர்ச்சி.

அவள் குழுவில் ரேடியோ இருந்தான். உட்கார்ந்தால் சுவரில் சாயும், சாய்ந்தால் உறங்கும் தூங்குமூஞ்சி ஒருத்தன் இருந்தான். அப்புறம் பூனை என்று பட்டப்பெயர் வாங்கிய பெண். அவள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதி கேட்காது. ஆனால் மெஷினில் நின்றால் கை அவ்வளவு சுத்தம்.

"டிராயிங் அக்கா போட்டுருவாங்க. ஆபீஸ்லயே அதானே வேலை, கண்ணை மூடிக்கிட்டுப் போடுவாங்க" என்று ரேடியோ முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிட்டான். அக்காவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இந்தக் கல்லூரியில் முதன்முறையாக ஒருவர் அவளிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைக்கூட மறந்து போட்டாள்.

பம்பின் உடம்பு ஓர் அலுமினியக் கட்டி. அதில் தண்ணீர் வரும் துளை வலப்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் இருந்து பார்த்தால் எப்படி, மேலே இருந்து பார்த்தால் எப்படி, வலப்பக்கம் இருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று தோற்றம் வரைவது வழக்கம். எந்தத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைவது என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அவள் படித்த இடத்திலும் வேலை பார்த்த ஆபீஸிலும் வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வரைவார்கள். இந்தக் கல்லூரியில் வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே வரும். இரண்டுமே சரி. எந்த முறை என்று காட்டத் தாளின் மூலையில் ஒரு சின்னக் குறி போடுவார்கள். அந்தக் குறியை அவள் போடவில்லை. ஆபீஸில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. இங்கே முறையே வேறு என்பது முதல் வருஷப் பாடம்; அந்த முதல் வருஷத்தில்தான் அவள் இல்லையே.

பூனை அந்த வரைபடத்தை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, இரண்டு நாள் பாடுபட்டுக் கட்டியை வெட்டி முடித்தாள். பம்பைக் கோக்கும்போதுதான் தெரிந்தது. குழாய் ஒரு பக்கம், துளை மறு பக்கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி பம்பு இடம் வலம் மாறிக் கிடந்தது.

வெட்டிய உலோகத்தை ஒட்டவா முடியும்?

பேராசிரியர் வந்தார். கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார், வரைபடத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். "டிராயிங் யாரு?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

"நீங்க வந்த இடத்து முறையில போட்டிருக்கீங்க. சரி, புரியுது." அவர் பூனையிடம் திரும்பினார். "உனக்கு என்னம்மா? முன் தோற்றத்துல துளையைக் காட்டுற புள்ளிக்கோடு வலப்பக்கம் இருக்கு. பக்கத் தோற்றம் இடப்பக்கம் இருக்கு. ரெண்டும் முட்டுதே. நீ பார்க்கலியா?"

பூனை தரையைப் பார்த்தாள். "பார்த்தேன் சார்."

"பார்த்துட்டு?"

பூனையின் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லும்மா."

"அக்காகிட்ட போய் எப்படி சார் தப்புன்னு சொல்றது?"

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பேராசிரியர் சிரிக்கவில்லை. குழுவுக்கு ஒரு கட்டிதான் என்றும், உபரியாக இருக்கும் ஒன்றே ஒன்றைத் தருவதாகவும், அதுவும் கெட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். இந்தத் தடவை துளை போடும் வேலையை வரைந்தவரே செய்ய வேண்டும். "அப்பத்தான் யார் கோட்டை யார் எப்படிப் படிக்கிறாங்கன்னு தெரியும்" என்றார். போகும்போது அக்காவிடம் தணிந்த குரலில், "உங்க விஷயம் எனக்குத் தெரியும். ஜாக்கிரதை" என்றார்.

"என்ன விஷயம்கா?" என்றான் ரேடியோ. அக்கா சொன்னாள். இடம் போய்விடும் என்பதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தூங்குமூஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தான். பூனையின் முகம் வெளிறிப்போனது. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்காவுக்குத் தன் அழுகையை அங்கே வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைத் தூக்கி எறிந்தாள். தங்கை அப்போதுதான் கடையிலிருந்து வந்து வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டாள். ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தால் அது நம் தப்பு.

"அறிவிருக்கா உனக்கு? புது எடத்துக்குப் போனா இங்க எப்படிப் போடுவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? வாயில என்ன பூட்டா?"

"எப்படிடி கேக்கறது? எல்லாம் தெரிஞ்ச அக்கான்னு நெனைச்சுக்கிட்டிருக்காங்க. அதைப் போய்..."

"அதானே! அந்தப் பொண்ணு அக்காவாச்சேன்னு வாயை மூடிக்கிச்சு. நீ அக்காவாச்சேன்னு வாயை மூடிக்கிட்டே. நடுவுல அந்த இரும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அலுமினியம்."

"ஏதோ ஒண்ணு." தங்கை துணியை எடுத்துக் காலைத் துடைத்தாள். "நானும்தான் பொறந்ததுலேர்ந்து உன்னை அக்கான்னு கூப்பிடறேன். என்னைக்காவது பயந்திருக்கேனா? தலைமயிரைப் பிடிச்சு இழுத்திருக்கேன். எனக்கு நீ அக்கா. அதுங்களுக்கு நீ ஹெட்மிஸ்ட்ரஸ். அக்கான்னு பேர் வெச்சு உன்னை ஓரமா உக்கார வெச்சுட்டாங்க, நீயும் போய் உக்காந்துக்கிட்டே."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். தனியாக இருந்தது வலித்தது. அந்தத் தனிமைக்குள் கொஞ்சம் பெருமையும் வைத்திருந்தோம் என்று தெரிந்தது அதைவிட வலித்தது. தங்கை பக்கத்தில் வந்து, ஈரக்காலை அவள் மடியில் தூக்கிப் போட்டாள். "பிடிச்சு விடு. செத்துப்போச்சு கால்" என்றாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிடித்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவள் பூனையைத் தேடிப் பிடித்தாள். "எனக்கு முதல் வருஷப் பாடம் தெரியாது. நீ சொல்லித் தரணும். தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லணும்" என்றாள்.

"நானா அக்கா?" என்றாள் பூனை.

"நீதான்."

பூனை சொல்லித் தந்தாள், கோயில் பிரசாதம் நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பென்சிலை நீட்டி. "இங்க கொஞ்சம்... நீங்களே பாருங்களேன்க்கா" என்பாள். அதற்குத் தப்பு என்று அர்த்தம். "இப்படியும் போடலாம்னு நெனைக்கிறேன்க்கா" என்றால் ரொம்பத் தப்பு. அக்கா அந்த மொழியையும் சேர்த்துப் படித்துக்கொண்டாள். பழைய வழக்கம் அவ்வளவு லேசில் போகவில்லை. தெரியாததைப் படிக்க ஒரு வேலைதான். அவளுக்குத் தெரிந்ததை மறக்கும் வேலையும் இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போதுகூட, வலம் வலத்தில், வலம் வலத்தில் என்று முணுமுணுத்தாள். புது வரைபடம் தயாரானது. மூலையில் குறியையும் போட்டாள், தேவைக்கு மேலேயே பெரிதாக.

துளை போடும் நாள் வந்தது. பணிமனையில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அறுக்கிற சத்தம், தேய்க்கிற சத்தம், அதற்கு நடுவே யாரோ சுத்தியலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருப்பவனிடம் பேச வேண்டுமென்றால் காதைப் பிடித்துத்தான் பேச வேண்டும். பேராசிரியர் கொஞ்ச தூரத்தில் இன்னொரு குழுவிடம் இருந்தார்.

அக்கா கட்டியை எடுத்தாள். மற்ற வெட்டையெல்லாம் பூனை முடித்திருந்தாள்; துளை மட்டும்தான் பாக்கி, இடமும் வலமும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தன. வரைபடத்தைப் பார்த்தாள். முன் தோற்றத்துக்கு வலப்பக்கம் துளை போட்ட தோற்றம். சரி. கட்டியை வைஸ் பிடியில் வைத்து இறுக்கினாள். பயந்த நேரத்தில் கைக்கு நேற்றுப் படித்தது ஞாபகம் இருக்காது, பல வருஷம் பழகியதுதான் இருக்கும். வலப்பக்கம் வரைந்திருந்தால் அது இடப்பக்கம் என்றது அந்தப் பழைய கை. இடப்பக்கத்தை மேலே திருப்பி இறுக்கியிருந்தாள். அது அவளுக்குத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள், மெஷினைப் போட்டாள், கைப்பிடியைப் பிடித்தாள்.

பூனை பார்த்துவிட்டாள்.

"அக்கா" என்றாள். கேட்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் பாருங்களேன்..." கிட்டே வந்து சொன்னாள். டிரில் சுழல்கிற சத்தத்தில் அந்தக் குரல் காற்றோடு போயிற்று. அக்கா கைப்பிடியை இறக்கத் தொடங்கினாள். பூனை ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் கேட்கப் பேசுகிறவன் அன்றைக்கென்று போல்ட் தேடப் போயிருந்தான். அக்காவின் கையைத் தட்டிவிடலாம் என்றால் ஓடுகிற மெஷின். "அக்கா, நீங்க தப்பா..." டிரில் முனை கட்டியைத் தொட்டது. ஓர் உலோகச் சுருள் எழுந்தது.

"ஏய்! நிறுத்துடி! திருப்பி வெச்சிருக்கே!"

பணிமனை முழுவதும் கேட்டது. பேராசிரியர் திரும்பினார். சுத்தியல்காரன் அடிப்பதை நிறுத்தினான். அக்காவின் கை தானாகவே மேலே போனது, மெஷினை அணைத்தது. அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவளுக்கே புரியவில்லை; தங்கை எப்படி இங்கே வந்தாள் என்றுதான் முதலில் தோன்றியது.

கட்டியின் தவறான முகத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. ஒரு மிளகு உட்காரலாம், அவ்வளவுதான்.

பூனை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, வாய் தவறி வந்துருச்சுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரெண்டு தடவை மரியாதையாத்தான் சொன்னேன், உங்களுக்குக் கேக்கல..."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து பூனை கலங்கலாகத் தெரிந்தாள். வருஷம் முழுக்க இதற்குத்தான் காத்திருந்தோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. 'டி' என்ற ஒரே ஒரு மரியாதையில்லாத எழுத்து, அதற்காகவா இத்தனை நாள் அழுதோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"மரியாதையா சொன்னது ஒண்ணும் கேக்கல" என்றாள். "இது கேட்டுது. இனிமே இப்படியே சொல்லு."

"எப்படிக்கா?"

"இப்பச் சொன்னியே, அப்படி."

பூனை வைஸைத் தளர்த்தினாள். "கட்டியைத் திருப்பு" என்றாள், கீழே பார்த்துக்கொண்டே. கொஞ்சம் பொறுத்து, "...டி" என்று சேர்த்துக்கொண்டாள். அக்கா கட்டியைத் திருப்பினாள்.

பம்பைச் சோதித்த அன்று பணிமனைத் தொட்டியைச் சுற்றி நான்கு பேரும் நின்றார்கள். தூங்குமூஞ்சி கைப்பிடியை அடித்தான். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு ஒரு இருமல், கொஞ்சம் நுரை, அப்புறம் தண்ணீர் வந்தது. நின்று நின்று வந்து, பின் நிற்காமல் வந்தது. அக்கா தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தாள், கண்ணை நம்பாதவள் மாதிரி.

பேராசிரியர் குனிந்து பம்பைச் சுற்றிப் பார்த்தார். இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தார், கசிவு இல்லை. இடப்பக்க முகத்தில் அவர் விரல் நின்றது.

"இது என்ன குழி? டிராயிங்ல இல்லையே."

அக்கா நிமிர்ந்தாள். "அது இவ என்னைத் திட்டின இடம் சார்."

"திட்டல சார். கத்தினேன்" என்றாள் பூனை. கடைசி மெஷினில் நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.